ரன்னதூ கரை சேர்ந்த வழக்கு

இத்ரீஸ் மனிக்குவின் மீதான தேசத்துரோக வழக்கில் முதல் விசாரணை நடந்த திங்கட்கிழமையன்று, அவரை அடைத்து வைத்திருந்த ரன்னதூ தீவு தலைநகரை நோக்கி எண்பது கஜம் நகர்ந்து வந்தது. அடுத்த விசாரணையில் இருநூறு கஜம். மூன்றாவது விசாரணை முடிந்தபோது, எப்போதும் ஆறிப்போய்ச் சேரும் கைதிகளின் ரொட்டி சூடாகப் போய்ச் சேர்ந்தது என்று படகுக்காரர்கள் துறைமுகத்தில் சொன்னார்கள். தீவு தனியாக வரவில்லை. பவளத்திட்டு, அதன் உள்ளே கிடந்த ஆழமில்லாத பச்சைத் தண்ணீர், ஓரத்துத் தென்னைகள், காவலர் குடியிருப்பு, அலைபேசிக் கோபுரம் எல்லாம் சேர்ந்தே வந்தன. வந்தபோது ஒரு அலைகூடக் கூடுதலாக எழவில்லை. சிறை அதிகாரியின் மேசைமேல் விளிம்புவரை ஊற்றி வைத்திருந்த தேநீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

எதிர்க்கட்சித் தலைவரான இத்ரீஸ் செய்தது இதுதான். தெற்கே ஆளில்லாத ஒரு தீவை அதிபரின் மருமகனுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை மேடையில் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துக் காட்டினார். குற்றப்பத்திரிகையில் அது, அரசு ரகசியத்தை அந்நியருக்கு வெளியிட்டதாக மாறியிருந்தது. அந்த அந்நியர், கூட்டத்தின் ஓரமாக நின்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு ஜெர்மன் சுற்றுலாப் பயணி. தனக்கு இந்த ஊர் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது என்று அவர் தன் நாட்டிலிருந்து பிரமாணப் பத்திரம் எழுதி அனுப்பினார். நீதிமன்றம் அதை வாங்க மறுத்தது. அன்று தீவு எழுநூறு கஜம் வந்தது. இத்ரீஸின் வழக்கறிஞர்களை வெளியே அனுப்பிய நாளில் அரை மைல். நீதிமன்றம் எவ்வளவு கோணலாக நடந்ததோ அவ்வளவு தூரம் என்று மீனவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அதை வாய்விட்டுச் சொன்ன இருவரைக் காவலர்கள் பிடித்துப் போனார்கள். அரசு நாளிதழ் முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு ‘தீவுகள் நகர்வதில்லை’ என்று அறிவித்தது. அதற்குப் பிறகு ஊரில் யாரும் ரன்னதூ கிட்ட வந்துவிட்டதாகப் பேசவில்லை. இந்த வருடம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, தூரத்துப் பொருளெல்லாம் பக்கத்தில் தெரிகிறது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

இந்தக் கதையின் சுமை ரவூஃபா என்ற பெண்ணின் தலையில் விழுந்தது. வெளியுறவு அமைச்சகத்தின் வரவேற்புப் பிரிவில் பத்தொன்பது வருடங்களாக அதிகாரி. வெளிநாட்டுத் தூதர்களை விமானத்திலிருந்து இறக்கி, இளநீர் கொடுத்து, அழைத்துப்போக வேண்டிய இடத்துக்கு அழைத்துப்போய், திரும்பவும் விமானம் ஏற்றிக் கையசைப்பது அவள் வேலை. பல வருடங்களுக்கு முன்னால், கட்சி என்று ஒன்று இல்லாத காலத்தில், அவள் இத்ரீஸுக்குப் பதினொரு மாதம் மனைவியாகவும் இருந்தாள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மைல் நீளமில்லாத ஒரு தலைநகரில், யாருடைய பழைய மனைவியும் அல்லாத அதிகாரிகளைத்தான் வேலைக்கு வைப்பது என்று முடிவெடுத்தால் அமைச்சகத்தைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

மழைக்காலம் முடிவதற்குள் பதினொரு தூதுக்குழுக்கள் வந்துபோயின. பக்கத்துப் பெரிய நாட்டிலிருந்து வந்தவர் நாற்பது நிமிடம் தங்கி, கவலை தெரிவித்துவிட்டுப் போனார். ஐரோப்பாவிலிருந்து வந்த மூன்று பேர் ஆழ்ந்த கவலை தெரிவித்தார்கள். அரபு நாடு ஒன்றின் இளவரசர் கவலைப்படுவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மீன்பிடிக்கப் போனார். வந்தவர்கள் எல்லாரும் கைதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதால்தான் சிக்கல் வந்தது. தலைநகரிலிருந்து ரன்னதூ மூன்று மைல் என்பது உலகத்து வரைபடங்கள் எல்லாவற்றிலும் இருந்தது. இப்போது அது ஒன்றரை மைல்கூட இல்லை. வெளியுறவு அமைச்சர் ஸாஹிர் ரவூஃபாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“விரைவுப்படகுப் பயணம் இருபத்தஞ்சு நிமிஷம். போன வருஷமும் இருபத்தஞ்சு, இன்னைக்கும் இருபத்தஞ்சு. புரிஞ்சுதா?”

“தீவு பக்கத்துல வந்துட்டா என்ன ஸார் பண்றது?”

“எந்தத் தீவு?” என்றார் அமைச்சர்.

அவள் படகுத்துறைக்குப் போனாள். படகோட்டி ஸக்கீப், ஊரே தொன்பே, அதாவது பெரியண்ணன், என்று கூப்பிடும் பருத்த மனிதர், வழியைச் சுற்றிச் சுற்றி நீட்டுவதற்கு ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். முதலில் கிழக்கே போய்த் திரும்பினார். தீவு இன்னும் நெருங்கியதும் தலைநகரையே ஒரு முறை சுற்றிவிட்டுப் போனார். தூதர்களுக்குத் திசை தெரியாது. பறக்கும் மீன்களைக் காட்டினால் அவற்றையே பார்த்தார்கள்.

பன்னிரண்டாவதாக வந்தவர் அப்படி இல்லை. பழைய காலனி நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று அனுப்பிய அவர் பெயர் மொகோசி. கடலே இல்லாத போட்ஸ்வானாவில் முப்பது வருடம் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது, தண்ணீரைக் கண்டால் பயம். முதல் பயணத்தில் மூன்று முறை வாந்தி எடுத்தார். இரண்டாவது பயணத்தில் அலை உச்சியில் படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, தலைநகரின் பெரிய பள்ளிவாசலின் தங்கக் கூம்பை அவர் இரண்டாவது தடவையாகப் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டு ரவூஃபாவிடம் அமைதியாகச் சொன்னார்.

“அம்மா, இந்தக் கூட்டமைப்புக்காக ஒன்பது நாட்டுல வாந்தி எடுத்திருக்கேன். ஒரு தடவைகூட வீணா எடுத்ததில்ல. நேர் வழியில போங்க. நான் எதையும் பார்க்கல.”

ரவூஃபா ஸக்கீபைப் பார்த்தாள். “தொன்பே, திருப்புங்க” என்றாள். நான்கு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆகும்வரை மூவரும் தென்னை நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு, அதற்குப் பிறகே வந்து சேர்ந்ததாகச் சிறைப் பதிவேட்டில் எழுதினார்கள்.

இத்ரீஸ் கயிறு பின்னிய இரும்பு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகெலும்பில் கோளாறு, கைதானபோது இழுத்துப் போனதில் வந்தது. மொகோசி பேச வேண்டியதைப் பேசிவிட்டு, அறையையும் கழிவறையையும் பார்க்க வேண்டும் என்று சிறை அதிகாரியை வேண்டுமென்றே வெளியே அழைத்துப் போனார். பழைய கணவனும் மனைவியும் தனியாக இருந்தார்கள்.

“மன்னிப்புக் கடிதம் ரெடியா இருக்கு” என்றாள் ரவூஃபா. “கையெழுத்துப் போட்டா நாளைக்கே வைத்தியத்துக்கு வெளிநாடு அனுப்பறாங்களாம். போய் முதுகைச் சரி பண்ணிக்கோ. அப்புறம் வீரம் பேசு.”

“எதுக்கு மன்னிப்பு? வாசிச்சதுக்கா, சத்தமா வாசிச்சதுக்கா?”

“அந்த ஜெர்மன்காரன் ஐஸ்கிரீமை உருக வச்சதுக்கு.”

அவர் சிரித்தார். சிரித்ததில் முதுகு வலித்து முகம் சுருங்கியது. “ஊர்ல நான்தான் தீவை நகர்த்தறேன்னு சொல்றாங்களாமே. கல்யாணமான புதுசுல கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்துன்னு பதினோரு மாசம் கத்தினியே, நகர்த்தினேனா?”

“அதனாலதான விட்டுட்டுப் போனேன்.”

ஜன்னலுக்கு வெளியே தலைநகரின் கட்டடங்கள் துணி காய்வது தெரியும் தூரத்தில் நின்றன. “பயமா இருக்கு ரவூ” என்றார் அவர். “தீர்ப்புக்கு இல்ல. முன்னல்லாம் அங்க கடல்சுவர் மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் சுவர்மேல ஆளுங்க நிக்கறது தெரிஞ்சுது. இப்ப சட்டை நிறமே தெரியுது. இன்னும் கிட்ட வந்தா யாராவது தண்ணில குதிப்பான். சிப்பாய் சுடுவான். அதுக்கு முன்னாடி அந்தப் பெரியவரை ஒரு காகிதம் வாங்கித் தரச் சொல்லு. மன்னிப்புங்கற வார்த்தை இல்லாத காகிதம். சும்மா நடந்து வெளிய வந்தா தப்பிச்சு ஓடினவன்னு சொல்லுவாங்க. காகிதம் வேணும்.”

மொகோசி அந்தக் காகிதத்துக்காகப் பதினெட்டு நாள் அதிபர் மாளிகையின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தார். அதிபர் இல்லை என்றார்கள். உறங்குகிறார் என்றார்கள். தொழுகையில் இருக்கிறார் என்றார்கள். மொகோசி தன் நாட்டுப் புல்வெளியில் மாடு தொலைந்தால் எத்தனை நாள் தேடுவார்கள் என்ற கதைகளைச் செயலாளருக்குச் சொல்லிக்கொண்டே காத்திருந்தார். அதற்கிடையே அரசு மூன்று இழுவைக் கப்பல்களை வரவழைத்து, ரன்னதூவின் படகுத்துறைத் தூண்களில் இரும்பு வடம் கட்டி, தெற்கே இழுக்கச் சொன்னது. அன்று சாட்சிக்கூண்டில் ஏறிய காவலர், சம்பவ நாளில் தான் வேறு நாட்டில் பயிற்சியில் இருந்ததாக வாய்தவறிச் சொல்லிவிட்டார். நீதிபதி அதைக் குறிப்பிலிருந்து நீக்கினார். மூன்று கப்பல்களும் முழு விசையில் இரைந்தபடி பின்பக்கமாகவே இழுபட்டுத் தலைநகரை நோக்கி வந்தன. கப்பல் தலைவர்கள் வடத்தை அவிழ்த்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள்.

அரசு வழக்கறிஞருக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. நாட்டின் நிலப்பரப்பை அனுமதியின்றி இடம் மாற்றியதாக இன்னொரு குற்றச்சாட்டைச் சேர்த்தால் ஆயுள் தண்டனை வாங்கலாம். அதற்குத் தீவு நகர்ந்தது என்று சான்றிதழ் வேண்டும். அதே காலையில் கூட்டமைப்பின் தலைமையகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. அதற்குப் பதிலாகத் தீவு நகரவில்லை என்று இன்னொரு சான்றிதழ் வேண்டும். அத்தனை பயணமும் போய்வந்த அதிகாரி என்பதால் இரண்டும் ரவூஃபாவின் மேசைக்கு வந்தன.

“ரெண்டுலயும் போடு” என்றார் அமைச்சர் ஸாஹிர்.

“ரெண்டும் எப்படி ஸார் உண்மையா இருக்கும்?”

“ஒண்ணு உள்ளூருக்கு. இன்னொண்ணு வெளியூருக்கு. இதுல என்ன குழப்பம்?”

அந்த மாதத்தில் அமைச்சகத்தில் இரண்டு பேர் வேலைக்கு வராமல் போயிருந்தார்கள். அவர்களுடைய நாற்காலிகளை யாரும் எடுக்கவில்லை, அவர்கள் எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை. ரவூஃபா அந்த நாற்காலிகள் தெரியும்படிதான் தினமும் உட்கார்ந்திருந்தாள். நடுப்பகல் தொழுகை அழைப்பு வரும்வரை இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போய்விடலாம். நாளை வேறு யாராவது போடுவார்கள். போட்டுக் கொடுத்துவிடலாம், யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. அவள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள், முத்திரை வைத்தாள். பிறகு வரவேற்புப் பிரிவின் விதிப்புத்தகத்தில் எல்லாரும் மறந்துபோயிருந்த ஒரு விதிப்படி, இந்தப் பிரிவு வழங்கும் எந்தச் சான்றிதழுக்கும் எல்லாத் தூதரகங்களுக்கும் நகல் போக வேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே உறையில் போட்டு முப்பத்தொரு தூதரகங்களுக்கு அனுப்பி வைத்தாள். உறைகளைத் தானே எண்ணி ஒட்டினாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு அமைச்சகத்துத் தொலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. தீவு நகர்ந்ததா, நகரவில்லையா என்று முப்பத்தொரு நாடுகள் பணிவான மொழியில் கேட்டன. கவலை தெரிவித்தவர்கள்கூட இந்த முறை கவலை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. மாலைக்குள் புதிய குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஸாஹிர் அவள் மேசைக்கு வந்து முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு, “வீட்டுக்குப் போ. ஆள் வரும்” என்றார். அவள் வீட்டுக்குப் போய் ஒரு பையில் மாற்றுத்துணி எடுத்து வைத்துக் காத்திருந்தாள். ஆள் வரவில்லை. முப்பத்தொரு தூதரகங்களுக்கும் அவள் பெயர் தெரிந்துவிட்ட வாரத்தில் ஆள் அனுப்ப யாருக்கும் துணிவில்லை என்பதை அவள் பிறகுதான் புரிந்துகொண்டாள்.

பழைய குற்றச்சாட்டு அப்படியே இருந்தது. வியாழக்கிழமை தீர்ப்பு. அன்று காலை ரன்னதூ நானூறு கஜம் தள்ளி நின்றது. கடல்சுவர் நெடுக ஆயிரக்கணக்கான மக்கள். அவர்களுக்கு முன்னால் துப்பாக்கியோடு எழுநூறு சிப்பாய்கள். நீதிபதி கைதியை வரவழைக்காமலே அறுபத்திரண்டு பக்கத் தீர்ப்பை வாசிக்க ஆரம்பித்தார். பக்கத்துக்குப் பக்கம் தீவு வந்தது. இருபதாம் பக்கத்தில் கைதிகளின் முகங்கள் தெரிந்தன. நாற்பதாம் பக்கத்தில் ஜன்னலை மூடச் சொன்னார் நீதிபதி. ஐம்பத்தோராம் பக்கத்தின் நடுவில், வறுத்த ஈரப்பலாச் சீவலைக் கடித்தது போன்ற ஒரு சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. பவளத்திட்டு கடல்சுவரைத் தொட்டுவிட்டது. அத்தனை மாதமும் எதையும் அசைக்காத தீவு, நீதிபதியின் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை மட்டும் அசைத்துக் கவிழ்த்தது. அவர் தாள்களைத் துடைத்தார், சாப்பாட்டுக்குப் பிறகு தொடரலாம் என்று எழுந்து போனார். அதன்பின் அந்தத் தீர்ப்பை யாரும் வாசிக்கவில்லை.

ரன்னதூவில் மதில் கட்டியதே இல்லை, கடல்தான் மதில். இப்போது சிறைக்கும் ஊருக்கும் நடுவே அறுபது அடி ஈரப் பவளப்பாறையும், குழிகளில் மாட்டிக்கொண்டு துடிக்கும் மீன்களும்தான் இருந்தன. அந்தப் பக்கம் இத்ரீஸ் மணலில் வந்து நின்றார். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. இந்தப் பக்கம் கூட்டம் சிப்பாய்களின் முதுகை முட்டிக்கொண்டு நின்றது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு சிப்பாயின் விரல் விசையில் வளைந்திருப்பதைக் கூட்டத்தில் நின்ற ரவூஃபா பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் மொகோசி அதிபரின் செயலாளரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

“உங்க காவல் ஆணையைக் கையில வச்சிருக்கேன் ஐயா. ‘நான்கு புறமும் கடல் சூழ்ந்த ரன்னதூ தீவில்’னு எழுதியிருக்கு. நான் இங்க நின்னு பார்க்கறேன். மூணு புறம்தான் கடல் இருக்கு. முப்பது வருஷம் நீதிபதியா இருந்தவன், எனக்கு நாலுவரைக்கும் எண்ணத் தெரியும். அந்த ஆணை செல்லாது. உங்களுக்கு இப்ப ரெண்டு வழி. ஒண்ணு, புது ஆணை. இன்னொண்ணு, இங்க நிக்கற அத்தனை பேரையும் சுடறது. எனக்குப் பொழுது இருக்கு. இவங்களுக்கு இல்ல.”

ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் காகிதம் வந்தது. மருத்துவக் காரணங்களுக்காக இத்ரீஸ் மனிக்கு தன் வீட்டில் இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை என்று மொகோசி இரண்டு முறை படித்துப் பார்த்தார். அதை யார் அந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதுதான் அடுத்த கேள்வி. சிப்பாய்கள் போனால் கூட்டம் பாயும். கூட்டத்திலிருந்து போனால் சிப்பாய்கள் சுடுவார்கள். வெளிநாட்டுத் தூதர் துணைக்கு அரசு அதிகாரி இல்லாமல் ஒரு அடியும் நடக்கக்கூடாது என்பது விதி.

“நான் வரேன்” என்றாள் ரவூஃபா. “என்னை வேலையைவிட்டு நீக்கினதா இன்னும் எழுத்துல வரல.”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். முதல் வரிசையில் நின்ற சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். அவன் முகம் அவளைவிட வெளிறியிருந்தது. “தம்பி, வழியை விடு. இவருக்கு வயசாச்சு, பாறை வழுக்கும்” என்றாள். அவன் தன் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி வேறெங்கோ பார்த்தார். துப்பாக்கி தாழ்ந்தது. இருவரும் இறங்கி நடந்தார்கள். ஒவ்வொரு அடியிலும் முதுகின் நடுவே ஒரு இடம் குளிர்ந்துகொண்டே போனது அவளுக்கு. குண்டு பட்டால் அங்கேதான் படும் என்று தோன்றியது. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்த மொகோசி, கடலின் அடியாக இருந்த இடத்தில் குமட்டாமல் நடப்பதில் உண்மையாகவே மகிழ்ந்து, காலடியில் கிடந்த ஒரு மீனை எடுத்துத் தண்ணீரில் போட்டார். காகிதத்தை இத்ரீஸ் நின்றபடியே வாசித்தார், பழக்கதோஷத்தில் சத்தமாகவே வாசித்தார். அந்த அமைதியில் அது சுவர்வரை கேட்டது. பிறகு மூவரும் திரும்பி நடந்தார்கள். யாரும் குதிக்கவில்லை, யாரும் சுடவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

தீவு திரும்பிப் போகவில்லை. மொகோசி ஊருக்குப் போய் அடுத்த வருடம் இறந்தார். ரன்னதூவுக்கு வார்டு எண் கொடுத்தார்கள், வீட்டு மனைகளுக்குக் குலுக்கல் போட்டார்கள். சிறை அறைகளில் இப்போது பல் மருத்துவமனை இருக்கிறது. ரவூஃபாவுக்கு வேலைநீக்க உத்தரவு எழுத்திலேயே வந்தது. அவள் படகுக் கம்பெனியில் சேர்ந்து துறைமுகத்துப் பலகையில் நேரங்களை எழுதும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் தேர்தல் நடந்து, இத்ரீஸ் மனிக்கு அதிபரானார். அதற்கடுத்த வருடம் அவர் அரசு, இப்போது எதிர்க்கட்சித் தலைவராகியிருந்த ஸாஹிரைக் கைது செய்து கிழக்கே மூன்னதூ தீவில் வைத்தது. ஸாஹிரின் முதல் விசாரணைக்கு மறுநாள் காலை ரவூஃபா பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினாள்: ‘மூன்னதூ படகு இன்று முதல் ஒரு நிமிடம் முன்னதாகச் சேரும்.’ காய்கறிக் கூடைக்காரர்கள் அதைப் படித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது விசாரணைக்குப் பிறகு அது நான்கு நிமிடம் முன்னதாக என்று ஆனது. அன்று முற்பகல் அதிபர் தானே நடந்து வந்து பலகைக்கு முன்னால் நின்றார். முடி நன்றாக நரைத்திருந்தது.

“எவ்வளவு?” என்று கேட்டார்.

“ஆயிரத்து முன்னூறு கஜம். நேத்து மட்டும் அறுநூறு.”

“நான் எல்லாம் சட்டப்படிதான் செய்யறேன், ரவூ.”

“இருக்கலாம்” என்றாள் அவள்.

அவர் கொஞ்ச நேரம் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்னதூவின் தென்னைகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தது. “அடுத்த படகு எப்ப?”

“பத்தே காலுக்கு. பதினோரு நிமிஷப் பயணம். அங்க போய்ப் பின்னாடி நில்லு, வரிசை இருக்கு.”

அதிபர் போய் வரிசையில் நின்றார்.